நிமிர்ந்து நிற்கிற தண்ணீர்

புத்தளம் மாவட்டத்துக் கரையில் நீர்வீழ்ச்சி கிடையாது. கடல் இருக்கிறது, களப்பு இருக்கிறது, உப்பளம் இருக்கிறது. எல்லாத் தண்ணீரும் படுத்துத்தான் கிடக்கும். அப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு நீர்வீழ்ச்சிப் படம் எடுத்தே பேர் வாங்கியவள் நான். கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், பல் நல்லதென்றால்.

இப்போது கைபேசியில் ஒரு இடத்தைத் தொட்டால் போதும், தண்ணீர் பாலாக வழிகிறது. எங்கள் பகுதியில் கலியாணப் படம் எடுக்கிற பிள்ளைகள் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள்.

"அக்கா, பிலிம் காலத்துல இத எப்பிடிச் செஞ்சீங்க? எங்கட சங்கத்து மலருக்கு எழுதித் தாங்களன்."

அக்கா என்று கூப்பிட்டபடியால் சம்மதித்தேன். ஆச்சி என்றிருந்தால் கதவைச் சாத்தியிருப்பேன். நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவள், எழுத்துப் பிழை வரும் என்றேன். தாங்கள் திருத்திக்கொள்வதாகச் சொன்னார்கள். அவர்கள் எடுக்கிற படத்தையே கொம்பியூட்டர் திருத்திக் கொடுக்கிறது, இவர்கள் என்னைத் திருத்தப்போகிறார்களாம். இருக்கட்டும்.

அந்தக் காலம்தான் தங்கம் என்று எழுதுவேன் என்று நினைக்காதீர்கள். கைபேசி நல்ல சாமான். அது அப்போதே வந்திருந்தால் என் முழங்கால் இரண்டும் இன்னும் என் பேச்சைக் கேட்டிருக்கும்.

பாலாவிச் சந்தியில் ஒரு ஸ்டூடியோ இருந்தது. குறிஞ்சிப்பிட்டியில் இருந்து நான் அங்கே போனது படம் எடுக்க இல்லை, கலியாணப் பெண்களுக்குச் சேலைக்கு ஊசி குத்த. பவுடர் பூசுவேன், பூ வைப்பேன், "வாயை மூடு, பல்லைக் காட்டாதே, அழாதே" என்று சொல்லுவேன். அந்தக் கடைசி வேலைக்குத்தான் பலம் அதிகம் வேண்டும். ஸ்டூடியோவில் ஒரு திரை தொங்கியது. அதில் ஒரு நீர்வீழ்ச்சி வரைந்திருந்தது. அதற்கு முன்னால் நின்று படம் எடுக்காத சோடி எங்கள் கரையில் இல்லை. வருசம் போகப்போக அந்த நீர்வீழ்ச்சியில் பூஞ்சணம் பிடித்து, தண்ணீர் பச்சையாகிவிட்டது. ஒரு மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "இதுல விழுந்தா தண்ணி இல்ல, காய்ச்சல்தான் வரும். எங்களுக்கு உண்மையான நீர்வீழ்ச்சி வேணும், நுவரெலியாவுக்கு வேன் பிடிச்சிருக்கம், ஆள் அனுப்புங்க" என்றான். ஸ்டூடியோ முதலாளி கிளமென்ட் மாஸ்டருக்கு மூட்டு வருத்தம், வழுக்குப் பாறையில் ஏற முடியாது. அவருக்கு மூட்டு, எனக்கு வாய்ப்பு. அப்படித்தான் கமரா என் கைக்கு வந்தது.

மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் யாரையும் ஏசமாட்டார், சத்தம் போடமாட்டார். கோபம் வந்தால் மரியாதை ஏறும். சாதாரணமாக "மாக்கிரட், இங்க வா" என்பார். கொஞ்சம் கோபம் என்றால் "மாக்கிரட், இங்க வாங்க." நல்ல கோபம் என்றால் "மிஸ் மாக்கிரட், தயவுசெய்து இப்படி அமருங்கள்" என்று வானொலியில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி வரும். மூன்று பிள்ளை பெற்றவளை மிஸ் என்கிறாரே என்று சிரிப்பு வரும், ஆனால் சிரிக்க முடியாது. அந்த மரியாதையைக் கேட்டு ஒருமுறை ஒரு எடுபிடி ஆள் பின்கதவால் ஓடியவன், இன்றுவரை வரவில்லை.

கற்றுக்கொண்டதை நீட்ட மாட்டேன். கமராவில் ஒரு வட்டம் இருக்கும், அதில் எண்கள் இருக்கும். நாலு என்ற இடத்தில் வைத்தால் நாலு செக்கன் என்று நினைத்து ஒரு பிலிமையே கருக்கினேன். நாலு என்றால் ஒரு செக்கனை நாலாகப் பிரித்ததில் ஒரு துண்டு. அறுபது என்றால் அறுபதில் ஒரு துண்டு. எண் பெருக்கப் பெருக்க நேரம் சிறுக்கும். என் புருசன் கதைப்பதை நினைத்துக்கொண்டேன். கதை பெரிசானால் வேலை சின்னது. அதற்குப் பிறகு ஒரு நாளும் பிழைக்கவில்லை.

தண்ணீரைப் பால் ஆக்க வேண்டும் என்றால் கமராவின் கண்ணை நீளமாகத் திறந்து வைக்க வேண்டும். வேகமாக எடுத்தால் ஒவ்வொரு துளியும் உறைந்து, கண்ணாடி உடைந்து சிதறின மாதிரி நிற்கும். ஒரு செக்கன், இரண்டு செக்கன் திறந்து வைத்தால், விழுந்த துளி எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று பதிந்து துணி மாதிரி ஆகும். ஆனால் அவ்வளவு நேரம் திறந்தால் வெளிச்சமும் உள்ளே கொட்டும், படம் வெள்ளைக் கடதாசி ஆகிவிடும். அதனால் வெயில் தண்ணீரில் விழ முதல் போக வேண்டும். கமராவின் ஓட்டையைக் கடைசி மட்டும் சுருக்க வேண்டும். அப்படியும் வெளிச்சம் அதிகம் என்றால் லென்சுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடி போட வேண்டும்.

கமரா மூச்சு விட்டாலும் படம் கெடும். மூன்று கால் ஸ்டாண்டை ஓடுகிற தண்ணீருக்குள் வைக்கக் கூடாது, பாறையில்தான் வைக்க வேண்டும். தண்ணீர் காலைத் தள்ளிக்கொண்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, படத்தில் தெரியும். ஸ்டாண்டின் நடுவில் நான் ஒரு பை கட்டித் தொங்கவிடுவேன். அதற்குள் பழைய வலையில் கழற்றிய ஈயக்குண்டுகள். மலைநாட்டுப் படக்காரர்கள் பார்த்துவிட்டு, "என்ன அம்மா, மீன் பிடிக்க வந்தீங்களா?" என்பார்கள். "ஓம், நீங்க நல்லா வழுக்குறீங்க" என்பேன். கமராவைக் கையால் தொடக் கூடாது. ஒரு முழ நீள வயர் இருக்கும், அதன் நுனியை அமுக்கினால் கண் திறக்கும், விட்டால் மூடும். லென்சில் தூவானம் விழுந்தபடி இருக்கும், அதைத் துடைக்க என் புருசன் உடுத்துக் கழித்த பழைய சாரத்தில் கிழித்த துண்டு. அவர் என் தொழிலுக்குச் செய்த உதவி அது.

நேரத்தை எண்ணுவதில்தான் என் முதல் பெரிய பிழை வந்தது. மாஸ்டரிடம் கைக்கடிகாரம் இருந்தது. என்னிடம் செபம் இருந்தது. "பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே ஆமென்" என்று ஆறுதலாகச் சொன்னால் சரியாக நாலு செக்கன். மாஸ்டரே கடிகாரம் பிடித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார். அதை வாய்விட்டுச் சொல்லித்தான் வெறும் தண்ணீர்ப் படங்கள் எடுத்தேன். எல்லாம் நன்றாக வந்தன.

ஒருநாள் இறம்பொடை நீர்வீழ்ச்சியில் எங்கள் ஊர்ச் சோடி ஒன்று. பின்னால் தண்ணீர் பாலாக விழ, முன்னால் தாங்கள் நிற்க வேண்டும் என்றார்கள். மாப்பிள்ளை நல்ல பக்திக்காரப் பிள்ளை. "ஆடாமல் நில்லுங்க" என்று சொல்லிவிட்டு வயரை அமுக்கிக்கொண்டு, வழக்கம்போல வாய்விட்டு ஆரம்பித்தேன்.

"பிதா..."

அவன் கை நெற்றிக்குப் போனது.

"சுதன்..."

நெஞ்சுக்கு வந்தது.

பிறந்த நாளில் இருந்து பழகிய கை, யார் சொல்லி நிற்கும்? தொடங்கிய செபத்தை நடுவில் விட எனக்கும் மனம் வரவில்லை. ஆமென் வரைக்கும் சொல்லி முடித்தேன். அவனும் சிலுவை அடையாளத்தை முடித்துக் கையை முத்தமிட்டான். பெண் மட்டும் இரண்டு கையிலும் பூச்செண்டு இருந்தபடியால் தப்பினாள். படம் வந்தபோது மாப்பிள்ளைக்கு நெற்றியில் ஒரு கை, நெஞ்சில் ஒரு கை, இரண்டு தோளிலும் ஒவ்வொரு கை, வாயில் ஒரு கை. அவன் தாய் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ட மகனுக்கு எத்தின கை, மாக்கிரட்?"

முன்னேஸ்வரம் கோயிலில் வைத்திருந்தால் யாராவது கற்பூரம் கொளுத்தியிருப்பார்கள்.

"மிஸ் மாக்கிரட்," என்றார் மாஸ்டர், "தயவுசெய்து அமருங்கள். தாங்கள் படம் எடுத்தீர்களா, பூசை வைத்தீர்களா?"

அன்றைக்கு ஒரு சட்டம் வந்தது. தண்ணீருக்கு மெதுவு, ஆளுக்கு வேகம், இரண்டையும் ஒரே படத்தில் போடக் கூடாது. அதற்குப் பிறகு நான் எண்ணுவது மனதுக்குள்தான், வாய் பூட்டு. மாஸ்டரின் சட்டத்தை வருசக்கணக்காகக் காப்பாற்றினேன். ஒரே ஒரு தடவைதான் மீறினேன், அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஆலங்குடாவில் இருந்து பிலோமினா என்று ஒரு பிள்ளை வியாழக்கிழமை ஸ்டூடியோவுக்கு வந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். இத்தாலிக்கு வேலைக்குப் போகிறாள், செவ்வாய்க்கிழமை விமானம்.

"மாக்கிரட் அக்கா, அப்பாவோட ஒரு படம் வேணும். என்னட்ட அவர்ட படம் ஒண்டுமே இல்ல."

"அதுக்கென்ன, கூப்பிடு அப்பாவ."

"வெளிய நிக்கிறார். உள்ள வரமாட்டாராம்."

அவளுடைய அப்பா சவிரிமுத்து அண்ணன். கடல் தொழில் செய்தவர். வலது கை நடுங்கும். பெரியாஸ்பத்திரியில் நரம்பு என்றார்கள், ஊரில் சாராயம் என்றார்கள். டொக்டரைவிட ஊர் பெரியது. மகன் கலியாணத்தில் யாரோ எடுத்த படத்தில் அவர் சோடாக் கிளாஸ் பிடித்திருந்த கை கலங்கிப்போய் விழுந்துவிட்டது. "பார், சவிரிக்கு ஏறிட்டுது" என்று அந்தப் படம் கை மாறி மாறி ஊர் முழுக்கச் சுற்றியது. அன்றில் இருந்து அவருக்குப் பேர் ஆட்டச் சவிரி. மனுசன் சாராயம் தொட்டதே கிடையாது. தலவில் அன்னம்மாள் கோயிலில் இளமையிலேயே சத்தியம் பண்ணி, கள்ளுத் தவறணை வாசலைக்கூட மிதிக்காதவர். அன்றில் இருந்து கமரா என்றால் எழும்பிப் போய்விடுவார்.

நான் வெளியே போனேன். சந்தியில் சீமெந்து லொறி எழுப்பின தூசிக்குள், வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, உள்ள வாங்க. நான் கடிக்க மாட்டன்."

"நீங்க கடிச்சாப் பரவாயில்ல தங்கச்சி. கமரா கடிக்கும்."

வாசலில் இருந்த கண்ணாடி அலுமாரிக்குள் நான் எடுத்த நீர்வீழ்ச்சிப் படம் ஒன்று வைத்திருந்தோம். அதைக் குனிந்து பார்த்தார்.

"இதென்ன, சேல காயப்போட்டிருக்கா?"

"தண்ணி அண்ணே."

"தண்ணி இப்பிடி நிமிந்து நிக்குமா?"

"நிக்காது, விழும். நான்தான் நிக்க வச்சன்."

"அப்ப நீங்க பொய்க்காரி."

"ஓம். கனகாலமா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அறுவது வருசமா படுத்த தண்ணியத்தான் பாக்கிறன். இத ஒருக்கா நேர பாக்கணும். ஆனாப் படம் வேணாம்."

பிலோமினா என் கையைக் கிள்ளினாள். அந்தக் கிள்ளலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். முதலில் மனுசன் வேனில் ஏறட்டும், மற்றதை அங்கே பார்க்கலாம்.

கலர்ப் படம் என்றால் பிலிம் கொழும்புக்குப் போய் வர வேண்டும், செவ்வாய்க்கிழமைக்கு முதல் வராது. கறுப்பு வெள்ளை என்றால் மாஸ்டரே கழுவித் தருவார். கறுப்பு வெள்ளைப் பிலிமைப் போட்டுக்கொண்டேன். புறப்படும்போது மாஸ்டர் வாசலில் நின்று, "மாக்கிரட், ஆளுக்கு வேகம்" என்றார். "ஓம் மாஸ்டர்" என்றேன். அப்போது உண்மையாகத்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வெளிக்கிட்டு, வேன் ஓட்டிய மஹ்ரூப் நானாவின் தங்கச்சி வீட்டில் கம்பளையில் படுத்து, சனிக்கிழமை காலையில் இறம்பொடைக்குப் போய்ச் சேர்ந்தோம். சவிரி அண்ணன் நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நின்றார். குனிந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தார்.

"உப்பில்ல," என்றார். "இவ்வளவும் உப்பில்ல. சும்மா விழுந்து போகுது. கேக்க ஆளில்லையா?"

"எங்கட ஆக்கள் பாத்தா இதுக்கும் வலை போடுவாங்க அல்லாவே," என்றார் மஹ்ரூப் நானா. சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்க மேலே போய்விட்டார்.

மனுசன் நல்ல குணத்தில் இருக்கிறார் என்று கண்டு, ஸ்டாண்டை விரித்தேன். அவருடைய முகம் மாறியது.

"தங்கச்சி, நான் சொன்னனான்."

"அப்பா," என்றாள் பிலோமினா. "நான் அங்க எத்தின வருசம் இருப்பனோ தெரியாது. நினைச்சா உங்கட முகம் வரணும். மறந்திட்டா என்ன செய்ய?"

அவர் போய்ப் பாறைக்கு முன்னால் நின்றார். மகளுக்காக நின்றார், ஆனால் இடது கை வலது மணிக்கட்டைப் பிடித்த பிடி விடவில்லை.

சட்டப்படி வேகத்தில் எடுத்தேன். இருநூற்றைம்பதில் வைத்தேன். அந்த வேகத்தில் எந்த நடுக்கமும் உறைந்துவிடும், கை தெளிவாக விழும், எனக்குத் தெரியும். ஆறு படம் எடுத்தேன். ஆனால் பிலிம் கழுவாமலே எனக்கு விளங்கியது, கெட்டது கை இல்லை, முகம். ஒரு மனுசன் தன் கையைத் தானே காவல் காத்துக்கொண்டு நின்றால் முகத்துக்கு எங்கே நேரம்? கண் கீழே கையிலேயே இருக்கிறது. வாய் இறுகி இருக்கிறது.

"அண்ணே, கைய விடுங்க. கள்ளனப் பிடிச்சமாதிரி பிடிச்சிருக்கிறீங்க."

"விட்டா ஆடும்."

பிலோமினா என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னாள். "அக்கா, இது அப்பா இல்ல. பொலிசில நிக்கிற ஆள்."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. மேலே பார்த்தேன். மலை உச்சியில் வெயில் வந்துவிட்டது. இன்னும் பத்து நிமிசத்தில் தண்ணீர் மேல் விழும், அதற்குப் பிறகு மெதுப்படம் கிடையாது. அந்த அவசரத்தில்தான் என் மூளைக்கு அந்தக் கள்ள யோசனை வந்தது.

பாறையின் ஓரத்தில் இடுப்பளவு உயரத்தில் தண்ணீரின் ஒரு கிளை தனியாக விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருக்க நல்ல கல்லும் இருந்தது.

"அண்ணே, இதில இருங்க. முதுகப் பாறையில சாச்சுக்கொள்ளுங்க. வலது கைய அந்தத் தண்ணிக்குள்ள விடுங்க."

"ஏன்?"

"நான் இப்ப மெதுவா எடுக்கப்போறன். ஒரு செக்கன் முழுசா. அந்த நேரத்துக்குத் தண்ணியெல்லாம் ஆடிக் கலங்கி வெள்ளைத் துணியாப் போகும். அதுக்குள்ள உங்கட கையும் ஆடினா ஆருக்குத் தெரியும்? கள்ளன் திருவிழாக் கூட்டத்துக்குள்ள பூந்த மாதிரி."

அவர் என்னைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார்.

"தங்கச்சி, நீங்க சாதாரணக் கள்ளி இல்ல."

இடது கைப் பிடியை விட்டார். வலது கையைத் தண்ணீருக்குள் நீட்டினார். குளிரில் ஒருதரம் "ஹா" என்றார். உடனே முகம் அவிழ்ந்தது. முடிச்சு அவிழ்ந்த வலை தண்ணீரில் விரியுமே, அப்படி. தண்ணீரின் வலுவைப் பார்த்துக் கண்ணை அகலத் திறந்து, "மகள், இழுக்குது பார், வாடைக் காத்துக்குக் கயிறு இழுக்கிறமாதிரி இழுக்குது" என்றார். ஸ்டூடியோ வாசலில் சிரித்தாரே, அந்த ஆள் திரும்பி வந்துவிட்டார். பிலோமினாவை அவரோடு ஒட்டி இருக்கச் சொன்னேன்.

ஈயக்குண்டுப் பையைத் தொங்கவிட்டேன். ஓட்டையைக் கடைசி மட்டும் சுருக்கினேன். வட்டத்தை ஒன்றில் வைத்தேன். சாரத் துண்டால் லென்சைத் துடைத்தேன். வெயில் பாதி மலை இறங்கிவிட்டது, ஒரு படத்துக்குத்தான் நேரம்.

"ரெண்டு பேரும் மூச்ச இழுங்க. பாதி விடுங்க. நிப்பாட்டுங்க."

வயரை அமுக்கினேன்.

இதைத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும். கண் திறந்திருக்கிற நேரம் அந்தக் கமராவுக்குள் பார்த்தால் இருட்டு. அந்த ஒரு செக்கன் படம் எடுக்கிறவளுக்குத்தான் ஒன்றும் தெரியாது. அதனால் நான் கமராவுக்கு மேலால் பார்ப்பேன். அன்றைக்குப் பார்த்தது சவிரி அண்ணனின் முகத்தை மட்டும். அதில் ஒரு குறையும் இல்லை. ஷட்டர் மூடின சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது வெயில் தண்ணீரில் விழுந்து கண்ணைக் கூசவைத்தது.

திங்கட்கிழமை காலையில் மாஸ்டர் பிலிமைக் கழுவித் தொங்கவிட்டார். நான் தூசி தட்டினேன், கூட்டினேன், கூட்டின இடத்தையே திரும்பக் கூட்டினேன். பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் கடைசிப் படத்தில் நின்றுவிட்டார்.

"இது எவ்வளவு நேரம்?"

"ஒரு செக்கன், மாஸ்டர்."

பிலிமை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனார். நானும் பின்னால் போனேன். எங்கள் இருட்டறையில் படம் அடிப்பதும் ஒரு தவம். சந்தியில் லொறி போனால் மேசை அதிரும், படம் கலங்கும். மாஸ்டர் லைட்டைப் போட முதல் காதைச் சுவரில் வைத்துக் கேட்பார், லொறி போய் ஓய்ந்த பிறகுதான் போடுவார். அன்றைக்கு மூன்று லொறிக்குக் காத்திருந்தார். மூன்று வருசம் போல இருந்தது.

கடதாசியை மருந்துத் தட்டில் போட்டார். முதலில் கறுப்பு வரும், பாறை வந்தது. சவிரி அண்ணனின் தலை வந்தது, சிரித்த முகம் வந்தது. தண்ணீர் வரவில்லை, அது வெள்ளைக் கடதாசியாகவே கிடந்தது. அந்த வெள்ளைக்கு நடுவில் ஏதோ மெல்ல மெல்லக் கறுத்தது. ஒரு விரல். பிறகு இன்னொன்று. ஐந்தும் வந்தன. நகம் வந்தது, முட்டியின் சுருக்கம் வந்தது. கயிறு இழுத்துக் காய்த்த காய்ப்பு வந்தது. ஒளித்து வைக்க என்று கொண்டுபோன கை, கத்தியால் வெட்டி ஒட்டின மாதிரி அவ்வளவு தெளிவு.

அதற்குப் பிறகுதான் பக்கத்தில் பிலோமினா வந்தாள். தோளும் முகமும் ஈரத்துணியால் துடைத்த மாதிரிக் கலங்கி இருந்தன. அந்த ஒரு செக்கன் அவளால் அடக்க முடியவில்லை. அழுதிருக்கிறாள். நான் பார்க்கவில்லை.

"மிஸ் மாக்கிரட்," என்றார் மாஸ்டர்.

நான் தட்டை விட்டு ஒரு அடி தள்ளி நின்றேன்.

"தாங்கள் எதை மறைப்பதற்காக இந்த ஏற்பாட்டைச் செய்தீர்கள்?"

"கைய, மாஸ்டர்."

"எது மறைந்திருக்கிறது?"

"பிள்ளையின்ட முகம்."

சிவப்பு வெளிச்சத்தில் அந்தக் கையைக் கனநேரம் பார்த்தார். பிறகு மரியாதை எல்லாம் இறங்கிவிட்டது.

"சரி, போய்ப் பெரிய கடதாசி எடுத்துக்கொண்டு வா. இதுக்கு இந்த அளவு காணாது."

பின்னேரம் தகப்பனும் மகளும் வந்தார்கள். என் வாய்க்கு அன்றைக்குத்தான் விடுமுறை. விடிந்தால் விமானம் ஏறப்போகிற பிள்ளைக்கு, அவளுடைய முகம் அழிந்த படத்தை எந்த முகத்தோடு கொடுப்பது? மேசையில் வைத்தேன்.

பிலோமினா குனிந்து பார்த்தாள். அவள் தன்னைப் பார்க்கவில்லை. விரலை வைத்து அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.

"அக்கா... ஆடல்லியே?"

"ஆடல்ல பிள்ள. ஏனெண்டு எனக்கும் விளங்கல்ல."

"எனக்கு விளங்குது," என்றார் சவிரி அண்ணன். "சும்மா வச்சிருந்தாத்தான் அது ஆடும். தண்ணி இழுத்துது, கைக்கு வேலை வந்திட்டுது. கடல்ல கயிறு பிடிக்கேக்க அது ஒருநாளும் ஆடினதில்ல. பாத்தவன் இல்ல, அவ்வளவுதான்."

"உன்ட முகம்தான் கெட்டுப்போச்சு மகள்," என்றேன். "பிழை என்னில. நான் உன்னப் பாக்கல்ல."

"என்ட முகத்த நான் கண்ணாடியில பாத்துக்குவன் அக்கா," என்று படத்தை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அதை அவள் கையில் இருந்து வாங்கி உறைக்குள் போட நான் படாத பாடு பட்டேன்.

சவிரி அண்ணன் மேசையை விட்டு நகரவில்லை.

"தங்கச்சி, மத்தவங்கள எவ்வளவு நேரத்தில படம் எடுப்பீங்க?"

"ஒரு செக்கன அறுவதாப் பிரிச்சா அதில ஒரு துண்டு."

"என்ன எடுத்தது?"

"முழுச் செக்கன்."

மனதுக்குள் கணக்குப் பார்த்தார். "அப்ப ஊரில எல்லாரும் நிண்டதவிட அறுவது மடங்கு நேரம் நான் ஆடாம இருந்திருக்கிறன்."

"ஓம் அண்ணே. அதில மாற்றமே இல்ல."

"அப்ப இன்னொண்டு அடிச்சுத் தாங்க."

"உங்களுக்கா?"

"இல்ல. தவறணைச் சுவத்தில ஒட்ட."

நானும் மாஸ்டரும் ஆளை ஆள் பார்த்தோம்.

"கொண்டுபோய் ஒட்டுங்க அண்ணே, ஆர் வேணாமெண்டா?"

"நான் அங்க போகக் கூடாதே. அன்னம்மாளுக்குச் சத்தியம்." என்னை நேராகப் பார்த்தார். "நீங்க ஒண்டும் சத்தியம் பண்ணல்லத்தானே?"

செவ்வாய்க்கிழமை பிலோமினா போனாள். புதன்கிழமை பின்னேரம், கோதுமைமாப் பசை ஒரு சிரட்டையில், படம் கக்கத்தில், ஆலங்குடாப் பக்கத்துத் தவறணைக்குள் நான் நடந்துபோனேன். கள்ளு வாசத்துக்கு நடுவில் எல்லாருடைய கதையும் நின்றது. யாரையும் பார்க்காமல், சுவரில் நல்ல இடம் பார்த்துப் பசை பூசி, படத்தை ஒட்டி, மூலையை உள்ளங்கையால் தடவினேன்.

"ஆட்டச் சவிரி!" என்றான் ஒருத்தன்.

"படத்தில ஆர்ட கையும் ஆடாதுதானே அக்கா," என்றான் இன்னொருத்தன். "கதை விடாதீங்க."

"இது ஒரு செக்கன் திறந்து வச்சு எடுத்த படம். தண்ணி கலங்கியிருக்கு, பிள்ள கலங்கியிருக்கு, கையப் பாருங்க." திரும்பி நின்றேன். "நம்பாட்டி விடுங்க. எல்லாரும் கிளாச வச்சிட்டு ஒரு கைய நீட்டுங்க. நான் எண்ணுறன். ஒரே ஒரு செக்கன்."

சிரித்துக்கொண்டு நீட்டினார்கள். ஏழு கை வரிசையாக என் முன்னால் வந்து நின்றன. ஒவ்வொருத்தனும் முதலில் தன் கையைப் பார்த்தான், பிறகு பக்கத்தில் இருப்பவன் கையைப் பார்த்தான். சிரிப்பு ஓரத்தில் இருந்து மெல்ல அடங்கிக்கொண்டு வந்தது.

நான் எண்ணத் தொடங்க முதலே மூன்று கை உள்ளே போய்விட்டன.